ஏறியாச்சு

ஜனவரி 4, ஞாயிறு

இன்று அறுபது கிலோமீட்டர் போய் வந்தோம். அறுபதும் இவருடைய முதுகைப் பார்த்தபடி. இருபத்து மூன்று வருடம் குடும்பம் நடத்தியதில்கூட இந்த முதுகை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. வியர்வை காய்ந்தால் சட்டையில் உப்பு எங்கே பூக்கும், களைத்தால் எந்தத் தோள் முதலில் இறங்கும், எல்லாம் மனப்பாடம்.

மகள் ரூபா ஓசூருக்கு வேலைக்குப் போனதிலிருந்து வீடு எனக்கு ஒட்டவில்லை. பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க நின்றுகொண்டே கணக்கு நடத்திவிட்டு வந்தாலும் சாயங்காலம் கால் ஓரிடத்தில் நிற்காது. தொட்டிச் செடிகளை இடம் மாற்றுவேன். மாற்றியதைத் திரும்ப மாற்றுவேன். இவர் ஆறு வருடமாகப் பொருநை சைக்கிள் கிளப்பில் இருக்கிறார். ஞாயிறுதோறும் விடியுமுன் கிளம்பிப் போய், பாளையங்கோட்டை வெயிலெல்லாம் தன் மேல் பட்டதுபோல் கறுத்துத் திரும்புவார். என்னையும் கூட்டிப் போங்கள் என்று நானும் ஆறு வருடமாகக் கேட்டேன். போன நவம்பரில் திடீரென்று தன் சைக்கிளை விற்றார். யாரையும் தொடவிடாமல் துடைத்துத் துடைத்து வைத்திருந்த சைக்கிள். அதை விற்றுவிட்டு, கோயம்புத்தூரில் யாரிடமோ பழைய டேண்டம் ஒன்றை வாங்கி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். ஒரே சைக்கிளில் இரண்டு சீட், இரண்டு ஜோடிப் பெடல். கிளப்பில் அதற்கு ‘ரெட்டைமாடு’ என்று பேர் வைத்துவிட்டார்கள்.

என் நச்சரிப்பு கடைசியில் பலித்தது.

ஹேண்டில், பிரேக், கியர் எல்லாம் முன்னால் இருப்பவர் கையில். பின்னால் இருப்பவருக்கு மிதிப்பது மட்டும்தான் வேலை, பாதை தெரியாது. அதனால் முன்னால் இருப்பவர் சொல்லிக்கொண்டே வர வேண்டும். “குழி” என்றால் சீட்டிலிருந்து கொஞ்சம் எழும்ப வேண்டும். “மேடு” என்றால் அழுத்த வேண்டும். “விடு” என்றால் மிதிப்பதை நிறுத்த வேண்டும். பின்னால் இருப்பவர் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. ஏறி உட்கார்ந்து, இரண்டு காலும் பெடலுக்கு வந்ததும், “ஏறியாச்சு”. அது காதில் விழுந்த பிறகே வண்டி நகரும்.

ஐம்பது பிள்ளைகளை வாயாலேயே அடக்குகிறவளுக்கு ஒரு நாளைக்கு ஒரு வார்த்தை.

ஜனவரி 6, செவ்வாய்

சாப்பிடும்போது பேச்சை எடுத்தேன்.

“முன்சீட்டுல இனிமே நான் உக்காருதேன்.”

“ஒனக்கு ஒசரம் பத்தாது எமி.”

“சீட்ட எறக்குனாப் போச்சு.”

“வெயிட்டு வண்டி. திருப்பத்துல இழுக்கும்.”

“எட்டாங்கிளாசுல எங்கப்பாவ கேரியர்ல வச்சு ஓட்டுனவ நான்.”

ஒருவழியாக ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். பிப்ரவரி எட்டாம் தேதி கிளப்பின் இருநூறு கிலோமீட்டர் ஓட்டம். காலை ஐந்தரைக்குக் கிளம்பி இரவு ஏழுக்குள் திரும்பிவிட வேண்டும். அதை முடித்துவிட்டால் மறுநாளிலிருந்து முன்சீட் எனக்கு. “ஒரே ஒரு இருநூறு, முன்னால உக்காந்து முடிச்சிருதேன். பொறவு ஒனக்குத்தான்” என்றார். தனியாக எத்தனையோ இருநூறு முடித்து மெடல்களை அலமாரி நிறையத் தொங்கவிட்டிருக்கிற மனுஷன். இன்னும் ஒன்றுக்கு ஏன் இப்படிப் பறக்கிறார் என்று தெரியவில்லை.

சொல்லிக்கொண்டே கையைத் திருப்பி ரசத் தம்ளரைத் தட்டிவிட்டார். பக்கத்திலேயே இருந்த தம்ளர். இப்போதெல்லாம் இது வாடிக்கையாகிவிட்டது. பராக்குப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டால் இப்படித்தான்.

ஜனவரி 9, வெள்ளி

தொடை இடுக்கில் தோல் உரிந்துவிட்டது. உட்காரவும் முடியவில்லை, நடக்கவும் முடியவில்லை. தேங்காயெண்ணெயைத் தடவிக்கொண்டு பத்தாம் வகுப்புக்கு வட்டங்கள் நடத்தினேன்.

ஜனவரி 11, ஞாயிறு

இதற்காகத்தான் இவர் ஆறு வருடம் தூக்கத்தை விட்டார் என்று இன்று புரிந்தது.

ஸ்ரீவைகுண்டம் தாண்டி வாய்க்கால் ஓரமாகப் பதினைந்து பேர் ஒரே வரிசையில் போனோம். முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்ள, பின்னால் வருகிறவர்களுக்குப் பாதி உழைப்புத்தான். அவர் களைத்ததும் ஒதுங்கி வரிசையின் கடைசிக்கு வருவார், அடுத்தவர் முன்னால் போவார். யாரும் பேசவில்லை. செயின் ஓடுகிற சத்தம் மட்டும். வயலில் நின்ற கொக்குகள்கூட எங்களைச் சட்டை பண்ணவில்லை. எனக்குக் கை இரண்டும் சும்மா இருந்ததால் கடலைமிட்டாயைப் பிரித்து இவர் வாய்க்கு நேராக நீட்டிக்கொண்டே வந்தேன். முதலில் இடது பக்கமாக நீட்டினேன், கண்டுகொள்ளவே இல்லை. முகத்துக்கு நேரே நீட்டினால் வாங்கிக்கொள்கிறார். ராஜா வீட்டுப் பிள்ளை.

கிளப்புக்குத் தலைவர் செய்யதலி பாய். மேலப்பாளையத்தில் போர்வைக் கடை வைத்திருக்கிறார். எல்லாருக்கும் கடைசியாக வந்து, பின்தங்குகிறவர்களைச் சேர்த்துக் கூட்டி வருவது அவர் வேலை. அதனால் அவருக்கு ‘வால்’ என்று பேர். ஆனால் இன்று வரிசையின் நடுவில் போன எங்களுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தார், அதுவும் எப்போதும் இடது பக்கமாக. “பாய், நாங்க பின்தங்கலையே” என்றேன்.

“சும்மாதாம்மா. ரெட்டைமாட்ட வேடிக்க பாத்துக்கிட்டே வாரேன்” என்றார்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல் விடுமுறை. தூறல். சைக்கிள் எடுக்கவில்லை. வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அலமாரியில் இருந்ததை எல்லாம் எடுத்து வெளியே வைத்தேன், திரும்ப உள்ளே வைத்தேன்.

ஜனவரி 18, ஞாயிறு

இனி கிளப்பில் என்னால் தலை நிமிர முடியாது.

திருச்செந்தூர் போய்விட்டுத் திரும்பும் வழியில் குரும்பூரில் கனி அண்ணாச்சி கடையில் டீ குடித்தோம். கிளப் வழக்கமாக நிற்கிற கடை. நான் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வந்தேன். இவர் வண்டியின் மேல் ஏறி, ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார். நான் இவருடைய இடது முழங்கைக்குப் பக்கத்தில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், பழத்தைப் பையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் பார்த்துக் கடைக்குள் யாரோ, “என்ன அண்ணாச்சி, டீய பன்னெண்டு ரூவாய்ல இருந்து பதினஞ்சாக்கிட்டிய” என்று கேட்டார். பாலை ஆற்றிக்கொண்டிருந்த கனி அண்ணாச்சி, “பால் வெல ஏறியாச்சு” என்றார். அதில் ‘ஏறியாச்சு’ மட்டும் நல்ல சத்தமாக வந்து விழுந்தது.

இவர் மிதித்துவிட்டார்.

நான் பையும் பழமுமாக நிற்கிறேன். இவர் போகிறார். பின்சீட் காலியாக ஆடிக்கொண்டே போகிறது. “குழி” என்கிறார். கொஞ்சம் தள்ளி “மேடு” என்கிறார். ரோட்டில் நின்றவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள். பாலத்துக்கு ஏறும்போதுதான் வண்டி ஏன் இழுக்கவில்லை என்று யோசித்திருப்பார்போல. பாய் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே பறந்தார். மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய. வீட்டுக்கு வந்து பிடித்துக்கொண்டேன்.

“பக்கத்துலதான நிக்கேன். கடைக்காரன் கொரலும் பொண்டாட்டி கொரலும் ஒண்ணா?”

“கவனிக்கல எமி.”

“ஏறுதனா இல்லையான்னு ஒரு தடவ திரும்பிப் பாத்தா என்ன?”

“கவனிக்கலன்னு சொல்லுதேம்லா.”

இருபத்து மூன்று வருடமாக இதைத்தான் சொல்கிறார். இன்றைக்குத்தான் ஊர் பார்த்தது.

ஜனவரி 20, செவ்வாய்

இன்னும் கோபம் தீரவில்லை. இவர் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு படுத்தார். சைக்கிள் தூசி ஒத்துக்கொள்ளவில்லையாம். கண்ணாடி போட்டுக்கொண்டு ஓட்டினால் என்ன? அதுவும் மாட்டார். போன மாதம் மின்வாரியத்தில் லைன் வேலையை விட்டுவிட்டு ஆபீஸ் நாற்காலியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இருட்டினால் காரும் எடுப்பதில்லை. நேற்று அத்தை வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு ஆட்டோவில்தான் போனோம். ஐம்பத்திரண்டு வயதில் இவ்வளவு சோம்பேறித்தனம் யாருக்கும் வராது.

ஜனவரி 24, சனி

ஒரு ரகசியம் நடந்தது. எழுதாமல் இருக்க முடியவில்லை.

இவர் ஆபீஸ் போன பிறகு பாய் வந்தார். செயினைப் பார்த்துத் தருகிறேன் என்று டேண்டத்தை வெளியே எடுத்தார். எடுத்தவர், “ஏம்மா, முன்னால உக்காந்து ஒரு தடவ ஓட்டிப் பாக்கியா? நான் பின்னால உக்காருதேன்” என்றார். ஒருவேளை நான் முன்சீட்டுக்கு அடித்துக்கொள்வது கிளப் முழுக்கத் தெரிந்துவிட்டதோ என்னவோ. ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் இருக்கிற பொட்டலுக்குத் தள்ளிக்கொண்டு போனோம்.

முதல் மூன்று தடவையும் சாய்ந்தேன். பாய் நல்ல கனம். ஹேண்டில் ஒரு பக்கம் பிடித்து இழுக்கிறது, இவர் சொன்னது பொய் இல்லை. நான்காவது தடவை போனது. எதிரே முதுகு இல்லை. பொட்டல், கருவேலமரம், தூரத்தில் தண்டவாளம், மேலே வானம். நாற்பத்தெட்டு வயதுப் பொம்பிளை பொட்டலில் வட்டம் போட்டதற்கு அழுவாளா? அழுதேன்.

“சொல்லணும்மா. குழி வந்தாச் சொல்லணும். பின்னால இருக்கவனுக்கு ஒங்கண்ணுதான் கண்ணு” என்று பாய் விடாமல் கத்திக்கொண்டே இருந்தார். வெயில் ஏறுகிறவரை விடவில்லை. எட்டுப் போடவைத்தார், நிறுத்தி நிறுத்திக் கிளப்பவைத்தார். போகும்போது, “வீட்டுல ஸ்டான்லிகிட்ட சொல்லாண்டாம்” என்றார்.

நான் ஏன் சொல்லப்போகிறேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

நூற்றிருபது கிலோமீட்டர். நாய் துரத்தியது, தப்பித்தோம். இவர் மூன்று குழிகளைச் சொல்லவில்லை. மூன்றிலும் நான் எலும்பு முறியக் குதித்தேன். கேட்டால், “ஓரத்துல கெடந்துச்சு, கவனிக்கல” என்கிறார். அவ்வளவு அலட்சியமானால் ஹேண்டிலைக் கொடுத்துவிட வேண்டியதுதானே. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன்.

பிப்ரவரி 7, சனி

நாளைக்கு. இவர் சாயங்காலத்திலிருந்து வண்டியைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார். பழைய சைக்கிளைத் துடைத்ததுபோல. திட்ட மனசு வரவில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

லீவு போட்டிருக்கிறேன். இடது முழங்கையில் கட்டு. நேற்று நடந்ததை நடந்தபடியே எழுத வேண்டும்.

ஐந்தரைக்கு எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். நாங்கள் கிளம்பவில்லை. பையின் வார் தளர்ந்திருக்கிறது என்று இவர் உட்கார்ந்து அவிழ்த்தார், கட்டினார், திரும்ப அவிழ்த்தார். பாயும் நின்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கிழக்கு வெளுத்தது. வார் தானாகச் சரியாகிவிட்டது.

அப்புறம் மதியம்வரை சொர்க்கம்தான். பின்காற்று. திருச்செந்தூரில் கிளப் அட்டையில் முத்திரை வாங்கி இட்லி தின்றோம். உவரிப் பாதையில் இடது பக்கம் முழுக்கக் கடல் கூடவே வந்தது. கருவாட்டு வாடை, தேவாலயக் கோபுரம், கை காட்டிக்கொண்டு ஓடி வந்த பிள்ளைகள். இவர் பாடினார். இவருக்குப் பாட்டு வராது, ஆனாலும் பாடினார். “கடலு நல்லாத் தெரியுதா?” என்று என்னிடம் நாலைந்து தடவை கேட்டார். “உங்களுக்குத் தெரியலையாக்கும்” என்றேன். “ரோட்டப் பாக்கணும்லா, நீ பாத்துச் சொல்லு” என்றார். சொன்னேன். என்ன நிறம், எத்தனை வள்ளம், எந்தப் பக்கம் போகிறது எல்லாம் சொன்னேன். எனக்கும் வாய் வலிக்கவில்லை.

திசையன்விளை தாண்டியதும் சனி பிடித்தது. கருவேலமுள் பின்டயரில் ஏறியது. டியூப் மாற்றி ஒரு மைல் போவதற்குள் இன்னொரு முள். வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. ரோட்டோரம் படுத்தேன், பாய் காலைப் பிடித்து நீட்டிவிட்டார். வள்ளியூரிலிருந்து எதிர்க்காற்று. நாங்குநேரிக்கு வரும்போது வெயில் மஞ்சளாகிவிட்டது. ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விடாமல் மிதித்தால் ஏழுக்குள் போய்விடலாம்.

சூரியன் இறங்க இறங்க இவர் வண்டியை மெதுவாக்கினார். “மிதிங்க, மிதிங்க” என்று நான் பின்னாலிருந்து அரற்றினேன். பாய் எங்களைத் தாண்டி முன்னால் வந்து, பின்விளக்கைப் போட்டு, “என் லைட்டப் பாத்தே வாங்க ஸ்டான்லி” என்றார். எல்லாருக்கும் கடைசியில் வருகிறவர் எதற்கு முன்னால் போகிறார் என்று நினைத்தேன். எதிர்ப்பக்க லாரிகளின் வெளிச்சம் வந்து வந்து அடித்தது. ரோடு வேலைக்காக ஓரத்தில் இரும்பு டிரம்களை நிறுத்தியிருந்தார்கள். பாய் விலகிப் போனார். நாங்கள் விலகவில்லை. நான் கத்துவதற்குள் ஹேண்டிலின் இடது முனை டிரம்மில் மோதிவிட்டது.

மணலில் விழுந்தோம். மணலாக இருந்ததால் பிழைத்தோம். எழுந்து முழங்கையைப் பார்க்கிறேன், ரத்தம். இவர் விழுந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

“அம்மாம் பெரிய டிரம்மு. செகப்புப் பெயிண்டு வேற. அதுகூடவா தெரியல?”

“தெரியல.”

“பாத்து ஓட்டுனியளா இல்லையா?”

“பாத்துதான் ஓட்டுனேன். நேரா இருக்கது தெரியுது எமி. பக்கத்துல இருக்கது தெரியல. இருட்டுனா நேரா இருக்கதும் மங்குது.”

பாய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது, அவருக்குத் தெரியும் என்று.

“எவ்வளவு நாளா?”

“ஆகஸ்டுலருந்து. ரெண்டு கண்ணுலயும் அழுத்தமாம். போனது போனதுதானாம். மருந்து விட்டா மிச்சம் நிக்கலாம்னாங்க.”

“சைக்கிள் ஓட்டலாம்னு டாக்டர் சொன்னாரா?”

இவர் கையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினார்.

“சொன்னாரா?”

“கேக்கல.”

வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். என்னைப் பின்னால் வைத்துக்கொண்டு கண்ணைக் கட்டி ஓட்டியிருக்கிறீர்கள், ரூபாவுக்கு யார் பதில் சொல்வது, பாய்க்குச் சொல்ல வாய் வந்ததே எனக்குச் சொல்ல வரவில்லையா என்றெல்லாம். இவர் எதையும் மறுக்கவில்லை.

“ஒங்கிட்ட சொன்னா அன்னைக்கே ஹேண்டில வாங்கிருப்ப. வாங்குறதுதான் சரி. எனக்குத் தெரியாமலா. ஆறு வருசமா கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டியே, நான் கேக்கல. அத்தன ஞாயித்துக்கெழமயும் தனியாவே போனேன். கண்ணு இருக்கும்போதே ஒரு இருநூறு, ஒன்ன வச்சு ஓட்டிக் காட்டிரணும்னு நெனச்சேன்.”

பாய் மெதுவாக, “அன்னைக்குப் பொட்டல்ல ஒன்ன ஓட்டச் சொன்னது இவருதாம்மா. ‘எனக்கு ஏதும் ஆனா அவ ஓட்டணும், பழக்கி விடுங்க’ன்னாரு” என்றார்.

நானும் மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

வேன் கூப்பிடட்டுமா என்று பாய் கேட்டார். இவர் ஒரு பக்கமாகத் திரும்பி, கையால் தடவிப் பின்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். வளையவில்லை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேனில் ஏறினால் இந்த மனுஷன் இனி சைக்கிள் பக்கமே வரமாட்டார் என்று தோன்றியது.

“சீட்ட எறக்குங்க” என்றேன்.

இருட்டில் பார்க்காமலேயே சாவியை எடுத்து, பார்க்காமலேயே திருகி, முன்சீட்டை என் உயரத்துக்கு இறக்கினார். பாய் பின்னாலிருந்து வண்டியைப் பிடித்துக்கொண்டார். இவர் ஏறினார் என்பதைக் கனத்தில்தான் தெரிந்துகொண்டேன். அந்த வார்த்தையை இவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

“குழி” என்றேன். பின்னால் எழும்பினார். “மேடு” என்றேன். அழுத்தினார். பாளையங்கோட்டை வரை இப்படியே போனோம்.

போய்ச் சேர்ந்தபோது நேரம் முடிந்துவிட்டிருந்தது. மேசையை மடக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். முத்திரை இல்லை, மெடல் இல்லை. ஒப்பந்தப்படி பார்த்தால் நான் தோற்றேன். ஆனால் முன்சீட் என்னுடையதாகிவிட்டது. நான் இவ்வளவு நாள் கேட்டது கிடைத்துவிட்டது. இப்படி ஒரு கிடைப்பை யாருக்கும் கர்த்தர் கொடுக்க வேண்டாம்.

பிப்ரவரி 11, புதன்

கண் ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். டாக்டரம்மா ஒரு படத்தைக் காட்டினார். நடுவில் வெள்ளை, சுற்றிலும் கறுப்பு. வெள்ளையில் இருப்பது மட்டும்தான் இவருக்குத் தெரிகிறது. கறுப்பு இனி வெளுக்காது, ஆனால் வெள்ளையைக் காப்பாற்றலாம், மருந்தை ஒரு வேளைகூட விடக்கூடாது என்றார். கார், ஸ்கூட்டர், ஹேண்டில் எதுவும் கூடாது. “பின்சீட்டுல உக்காந்து மிதிக்கலாமா?” என்று நான் கேட்டேன். அந்தம்மாவிடம் இதற்கு முன்னால் யாரும் இப்படிக் கேட்டதில்லைபோல. கொஞ்சம் யோசித்துவிட்டு, மிதிக்கலாம் என்றார்.

தம்ளர், கடலைமிட்டாய், குழிகள். அந்தப் படத்தில் ஒவ்வொன்றையும் கறுப்பில் வைத்துப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். குரும்பூரில் நான் நின்றதும் கறுப்பில்தான். என்னைக் கவனிக்காமல் போனார் என்று மூன்று வாரம் வைதேன்.

பிப்ரவரி 12, வியாழன்

பேசவில்லை. ஆனால் தம்ளரை இவருக்கு நேரே வைத்தேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

இவர் சைக்கிள் வேண்டாம் என்றார். “நான் தனியாப் போறேன். ஆளில்லாத பின்சீட்டோட குரும்பூரு வரைக்கும் போறேன், ஊரு சிரிக்கட்டும்” என்று சொல்லிவிட்டு வண்டியை வெளியே தள்ளினேன். கேட் வரை தள்ளுவதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

கிளம்பும்போது, “ஏறியாச்சா?” என்றேன்.

“ம்.”

“‘ம்’முல்லாம் செல்லாது.”

“ம்ம்.”

எப்போதும் முன்சீட்டிலேயே உட்கார்ந்து பழகிய ஆள். அந்த வார்த்தை நாக்கில் வர மறுக்கிறது. நானும் எத்தனை நாள் அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லியிருப்பேன். விட்டுவிட்டேன். நாற்பது கிலோமீட்டர். நான் இருபது குழிகளைச் சொன்னேன், ஒன்றை மறந்தேன். “எலும்பு முறிஞ்சிட்டு” என்றார் பின்னாலிருந்து. குரலில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது.

மார்ச் 1, ஞாயிறு

எண்பது. முன்னால் உட்கார்ந்தால் தோள் வலிக்கும் என்பதை இவர் ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை. இவ்வளவு நாள் இவருக்கு இடது தோள் முதலில் இறங்கியது ஏன் என்று இப்போது தெரிகிறது. இன்றும் “ம்” தான்.

மார்ச் 15, ஞாயிறு

மறுபடியும் இருநூறு. விளக்கு வெளிச்சத்தில் ஐந்தரைக்கே எல்லாரோடும் கிளம்பினோம். பாய் எங்களை விட்டுவிட்டு, தன் வேலையைப் பார்த்துக் கடைசியில் வந்தார்.

குரும்பூரில் நிறுத்தினோம். நான் காப்பியைக் குடித்துவிட்டு முன்னால் ஏறி, ஒரு காலை ஊன்றி, ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அவசரம். வெயிலுக்கு முன்னால் திருச்செந்தூர் போய்விட வேண்டும். மிதிக்கக் கால் துடித்தது. அந்த நேரம் கடைக்குள்ளிருந்து, “சிலிண்டரும் ஏறியாச்சு, என்ன செய்யச் சொல்லுதிய” என்று கனி அண்ணாச்சி குரல் வந்தது.

என் கால் பெடலை அழுத்திவிட்டது. வண்டி ஒரு முழம் நகர்ந்துவிட்டது.

“ஏட்டி, அது சிலிண்டரு. நான் இன்னும் ஏறல.”

கடையே சிரித்தது. இவரும் சிரித்தார். ஆகஸ்டுக்குப் பிறகு இவர் இப்படிச் சிரித்துக் கேட்டதில்லை. நான் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். டீக் கிளாஸை மேசையில் தடவி வைத்துவிட்டு வந்தார். கை முதலில் கேரியரைத் தொட்டது, அப்புறம் சீட்டை, அப்புறம் என் முதுகை. முதுகில் அந்தக் கை கொஞ்ச நேரம் இருந்தது. எனக்கு எதற்கும் காத்திருந்து பழக்கமில்லை. பஸ்ஸுக்கு, பாலுக்கு, பரீட்சைத் தாளுக்கு, எதற்கும். இன்று காத்திருந்தேன். அவசரம் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஒரு கால் பெடலுக்கு வந்தது. இன்னொரு காலும் வந்தது.

“ஏறியாச்சு” என்றார்.

இவர் குரல்தான். மிதித்தேன்.